சிப்ஸும் பார்வை நரம்பும்: பிரிஸ்டல் சிறுவன் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

2019 செப்டம்பர் தொடக்கத்தில் ‘அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின்’ என்ற மருத்துவ இதழ் ஒரு சிறிய நோயாளர் அறிக்கையை வெளியிட்டது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 17 வயதுப் பையன் ஒருவனின் பார்வை எப்படிப் போனது என்பதை, அந்நகரக் கண் மருத்துவமனையின் டெனீஸ் ஆட்டனும் உடன் பணியாற்றியவர்களும் அதில் பதிவு செய்திருந்தார்கள். ஓரிரு நாளில் உலகப் பத்திரிகைகள் பலவும் ‘சிப்ஸ் தின்றதால் பார்வை போயிற்று’ என்ற தொனியில் தலைப்பிட்டுவிட்டன. அறிக்கையின் தலைப்பே நொறுக்குத் தீனியின் மீது பழி போட்டதால் பத்திரிகைகளை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆனால் உள்ளே இருக்கும் விவரங்கள் வேறு கதை சொல்கின்றன. சிப்ஸில் இருந்த எதுவும் அந்தப் பையனின் கண்ணைக் கெடுத்ததாக அதில் இல்லை. அவன் சாப்பாட்டில் வராமலே போனவைதான் கெடுத்தன.

இந்த வேறுபாடு முக்கியமானது. மொறுமொறுப்பான தீனிகளைப் பற்றி நாம் வழக்கமாகப் பேசுவதெல்லாம் எண்ணெய், உப்பு, உடல் பருமன் ஆகியவற்றோடு முடிந்துவிடுகிறது. இந்தப் பையனிடம் பருமன் இல்லை. அதனாலேயே மூன்று ஆண்டுகள் கைநழுவிப் போயின.

முதல் வருகை

அவன் முதலில் மருத்துவரிடம் போனது 14 வயதில், அசதி என்று. சாப்பாட்டில் மிகவும் பிகு செய்கிற பிள்ளை என்பது தவிர வேறு குறை எதுவும் தெரியவில்லை. உயரம் சரி, எடை சரி, உடல் நிறைக் குறியீட்டெண் இயல்பு வரம்புக்குள். மருந்து எதுவும் உட்கொள்ளவில்லை. ஊட்டக்குறைவு என்றதும் நம் மனத்தில் எழும் ஒட்டிய கன்னமும் துருத்திய எலும்பும் அவனிடம் கிடையாது.

இரத்தப் பரிசோதனை ஒரு துப்புக் கொடுத்தது. சிவப்பணுக்கள் வழக்கத்தைவிடப் பெருத்திருக்கும் வகை இரத்தசோகை; வைட்டமின் பி12 குறைவு. இரும்புச்சத்துக் குறைந்தால் சிவப்பணு சிறுத்துப் போகும். பி12 அல்லது ஃபோலேட் என்ற இன்னொரு பி வைட்டமின் குறைந்தால் டிஎன்ஏ உருவாக்கம் தடைபட்டு, அணு பிரிய வேண்டிய நேரத்தில் பிரியாமல் பெருத்துக்கொண்டே போகும். ஆகவே நோயறிதலில் பிழை இல்லை. பி12 ஊசி போட்டார்கள். உணவை மாற்றச் சொல்லி அனுப்பினார்கள். அவன் சிகிச்சையைத் தொடரவும் இல்லை, சாப்பாட்டை மாற்றவும் இல்லை.

உணவை மாற்று என்ற அந்த அறிவுரையை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். முடிந்திருந்தால் அவன் எப்போதோ மாற்றியிருப்பான். ஏன் முடியவில்லை என்ற கேள்வி அன்றைக்கே கேட்கப்பட்டிருந்தால் இந்த அறிக்கை எழுதப்பட்டிருக்காது என்று நினைக்கத் தோன்றுகிறது.

பதினைந்திலிருந்து பதினேழு வரை

அடுத்த ஆண்டிலேயே காது மந்தமானது. உள்காதும் அதன் நரம்பும் சார்ந்த செவித்திறன் குறைவு அது. கூடவே பார்வைக் கோளாறும் தலைகாட்டியது. எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள், கண்ணைச் சோதித்தார்கள். காரணம் எதுவும் அகப்படவில்லை.

17 வயதில் இரு கண்களிலும் பார்வைக் கூர்மை 20/200. நம் கண் மருத்துவர்கள் சீட்டில் எழுதும் கணக்கில் 6/60. இயல்பான கண் 60 மீட்டர் தொலைவிலிருந்து படித்துவிடும் எழுத்தை இவன் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்க முடியும். பார்வையற்றோர் பட்டியலில் பதிவு செய்யத் தகுதியான நிலை. ஆனால் பார்வைப் புலத்தின் ஓரங்கள் தப்பியிருந்தன, நடுப்பகுதிதான் அழிந்திருந்தது. யார் துணையும் இல்லாமல் நடந்து போவான். எதிரில் நிற்பவரின் முகம் தெரியாது; புத்தகம் படிப்பது கடினம்; வண்டி ஓட்ட முடியாது.

நடுப்பார்வை மட்டும் வலியில்லாமல், இரு கண்ணிலும் ஒன்றுபோல மங்குவது பார்வை நரம்புக் கோளாறின் முக்கியமான அடையாளம். இளவயது ஆண்களிடம் இதைக் கண்டால் லெபர் மரபுவழிப் பார்வை நரம்பு நோயைச் சந்தேகிப்பார்கள். பெரியவர்கள் என்றால் மது, புகையிலை, சில மருந்துகள், நச்சுப் பொருட்கள் என்று விசாரணை நீளும். இவனிடம் மதுவோ போதைப்பழக்கமோ இல்லை. கடைசியில்தான் சாப்பாட்டைப் பற்றித் துருவிக் கேட்டார்கள்.

தட்டில் என்ன இருந்தது

தொடக்கப் பள்ளிக் காலத்திலிருந்தே சில வகைப் பதங்கள் கொண்ட உணவு அவன் வாயில் இறங்காது. தினமும் கடையிலிருந்து ஒரு பொட்டலம் ஃபிரெஞ்ச் ஃபிரைஸ், கொறிக்க உருளைக்கிழங்கு சிப்ஸ், வெள்ளை ரொட்டி, எப்போதாவது பதப்படுத்திய பன்றி இறைச்சித் துண்டு, தொத்திறைச்சி. காய், கனி என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. சுவைக்காக அவன் இவற்றைத் தேர்ந்தெடுக்கவில்லை. மற்ற உணவின் பதத்தை அவனால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

பரிசோதனைப் பட்டியல் நீண்டது. பி12 குறைவு, தாமிரம் குறைவு, செலினியம் குறைவு, வைட்டமின் டி மிகவும் குறைவு, துத்தநாகம் மட்டும் அதிகம். எலும்பின் தாது அடர்த்தியும் சரிந்திருந்தது. எலும்பு கெட்டிப்பட வேண்டிய பருவத்தில் அது தேய்ந்துகொண்டிருந்தது. தாமிரமும் துத்தநாகமும் குடலில் ஒன்றுக்கொன்று போட்டி. துத்தநாகம் மிகுந்தால் குடற்சுவர் செல்களில் ஒரு புரதம் பெருகி, தாமிரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தச் செல்கள் உதிரும்போது தாமிரமும் மலத்தோடு போய்விடும். தாமிரக் குறைவு நரம்புகளைத் தாக்கும் விதமும் பி12 குறைவு தாக்கும் விதமும் ஏறத்தாழ ஒரே சாயலில் இருப்பதால், இரண்டும் சேர்ந்த நோயாளியிடம் எதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இனி அந்தச் சிப்ஸையே எடுத்துப் பார்ப்போம். பச்சை உருளைக்கிழங்கில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். 100 கிராமுக்கு 77 கலோரி. அதை மெல்லிய வில்லையாகச் சீவிக் கொதிக்கும் எண்ணெயில் போட்டால் தண்ணீர் ஆவியாகி வெளியேறுகிறது. அது விட்டுப்போன இடத்தில் எண்ணெய் குடிபுகுகிறது. 100 கிராம் சிப்ஸுக்கு 300 முதல் 400 கிராம் கிழங்கு வேண்டும். முடிவில் கிடைப்பது ஏறத்தாழ 530 கலோரி, 30 முதல் 35 கிராம் கொழுப்பு, 50 கிராமுக்குச் சற்று மேலே மாவுச்சத்து, 6 அல்லது 7 கிராம் புரதம், 4 கிராம் அளவில் நார்ச்சத்து.

சத்தே இல்லாத குப்பை என்று இதை ஒதுக்குவது சரியல்ல. பொட்டாசியம் கணிசமாக உண்டு. வைட்டமின் பி6 உண்டு. பொரித்த பிறகும் வைட்டமின் சி ஓரளவு மிஞ்சுகிறது. பல ஆண்டுகள் பழமே தொடாத ஒருவனுக்கு ஈறில் இரத்தம் கசியும் ஸ்கர்வி வராமல் போனதற்கு இந்தக் கிழங்கே காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். பிரிட்டனில் வெள்ளை மாவில் தயமின், நயசின், இரும்பு, கால்சியம் சேர்க்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே ரொட்டியும் அவனுக்குக் கொஞ்சம் கைகொடுத்திருக்கும். ஆனால் தாவர உணவில் பி12 இயல்பாகக் கிடைப்பதில்லை. சிப்ஸில் வைட்டமின் டி அறவே இல்லை, செலினியம் பெயருக்குத்தான். எப்போதாவது தின்ற இறைச்சித் துண்டுகள் அந்தப் பள்ளத்தை நிரப்பப் போதவில்லை.

கலோரிக்குக் குறைவில்லை என்பதால் உடல் வளர்ந்தது, எடை ஏறியது. நுண்சத்து இல்லை என்பதால் நரம்பு பட்டினி கிடந்தது. மறைபசி என்று ஊட்டச்சத்து நூல்கள் சொல்வது இதைத்தான்.

கண்ணின் நரம்பு ஏன் முதலில் விழுகிறது

விழித்திரையில் விழும் காட்சியைச் சுமார் பத்து இலட்சம் நரம்பிழைகள் மூளைக்குக் கொண்டுபோகின்றன. இவை கண்ணை விட்டு வெளியேறும் வரை மையலின் என்ற கொழுப்பு உறை இல்லாதவை. ஒளி தடைபடாமல் இருக்க இந்த ஏற்பாடு. உறை இல்லாத இழையில் மின்குறிகையைக் கடத்தக் கூடுதல் ஆற்றல் செலவாகும், ஆகவே செல்லுக்கு ஆற்றல் உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் இங்கே நெருக்கமாக அமைந்திருக்கின்றன. இந்த இழைகளிலும் விழித்திரை மையத்திலிருந்து வருபவை மிக மெல்லியவை. ஓய்வில்லாமல் வேலை செய்பவை. செல்லின் ஆற்றல் உற்பத்திக்குத் தேவையான பி வைட்டமின்களும் தாமிரமும் குறைந்தால் முதலில் தள்ளாடுவது இவைதான். நடுப்பார்வை மட்டும் போய் ஓரப்பார்வை மிஞ்சியது இதனால்தான்.

இது புதிதாகக் கண்ட நோயும் அல்ல. சோவியத் ஒன்றியம் சரிந்து உதவிகள் நின்றபின் கியூபாவில் 1991 முதல் 1993 வரை 50,000க்கும் மேற்பட்டோருக்குப் பார்வை நரம்பும் கைகால் நரம்புகளும் பாதிக்கப்பட்டன. உணவுத் தட்டுப்பாடும் புகையிலையும் சேர்ந்து செய்த வேலை அது. மக்கள் அனைவருக்கும் பி வைட்டமின் மாத்திரை கொடுத்த பிறகு கொள்ளைநோய் போலப் பரவியது அடங்கியது. இரண்டாம் உலகப் போரில் ஆசிய முகாம்களில் அடைபட்ட கைதிகளிடமும் இதே கோளாறு பதிவாகியிருக்கிறது. பிரிஸ்டல் நிகழ்வில் வினோதம் என்னவென்றால், பஞ்சமும் போரும் செய்ததை உணவு நிறைந்த ஒரு நகரத்தில் ஒரு பையனின் நாக்கு செய்துவிட்டது.

பி12 கல்லீரலில் சேமிக்கப்படுகிறது. பெரியவர்களுக்கு அது சில ஆண்டுகளுக்குத் தாங்கும். தவறான உணவு தொடங்கிய நாளுக்கும் அறிகுறி தெரியும் நாளுக்கும் இடையே நீண்ட இடைவெளி விழுவது அதனால்தான். தினமும் இதையேதான் தின்கிறான், ஒன்றும் ஆகவில்லையே என்று வீட்டார் நிம்மதியாக இருக்கக்கூடிய காலமும் அதுவே. சேமிப்பு தீர்ந்த பிறகும் ஒரு வாய்ப்பு உண்டு. ஊட்டக்குறைவால் வரும் பார்வை நரம்புக் கோளாறை விரைவில் பிடித்தால் பார்வை திரும்பும். இழைகள் மடிந்த பின் வைட்டமின் ஊற்றிப் பயனில்லை. இவனுக்குச் சத்துமாத்திரைகள் கொடுத்த பிறகு பார்வை மேலும் சரியாமல் நின்றது. போனது போனதுதான்.

மொறுமொறுப்பு என்ன செய்கிறது

ஒரு சிப்ஸ் வில்லையை வாயில் வைத்துப் பாருங்கள். ஈரம் இரண்டு விழுக்காடு அளவுக்குக் குறைந்துவிட்டதால் மாவுச்சத்து கண்ணாடிபோல் விறைத்திருக்கிறது. பல் பட்டதும் வளையாமல் உடைகிறது, உடையும்போது ஒலிக்கிறது. அடுத்த விநாடியில் மேற்பரப்பு உப்பு கரைந்து நாக்கை நிறைக்கிறது. இரண்டு மூன்று முறை மென்றால் வில்லை இருந்த இடம் தெரியாது. காற்றின் ஈரம் பட்டால் அதே வில்லை நமுத்துப்போகும். சத்தில் மாற்றமில்லை, ஆனால் யாரும் தொட மாட்டார்கள். பாக்கெட்டுக்குள் நைட்ரஜன் நிரப்புவது எண்ணெய் சிக்கு வாடை பிடிக்காமல் காப்பதற்கு. ஈரம் நுழையாத உறை இந்த ஒலியைக் காப்பதற்கு.

ஒலியின் பங்கை ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மாசிமிலியானோ ஜாம்பினியும் சார்லஸ் ஸ்பென்ஸும் சோதித்து 2004இல் வெளியிட்டார்கள். சோதனைக்கு வந்தவர்களை ஒலிவாங்கியின் முன் சிப்ஸைக் கடிக்கச் சொல்லி, கடிக்கும் ஒலியை அவர்கள் காதுக்கே ஹெட்ஃபோன் வழியாக அனுப்பினார்கள். உயர் அதிர்வெண்களைக் கூட்டினால் அதே சிப்ஸ் இன்னும் மொறுமொறுப்பாகவும் புதிதாகவும் தோன்றியது. குறைத்தால் பழசாகத் தோன்றியது. சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு 2008இல் ஆய்வாளர்கள் இருவருக்கும் கிடைத்தது. சிரிப்பை விடுங்கள், பிரிஸ்டல் பையனைப் புரிந்துகொள்ள இது உதவுகிறது. எந்த வில்லையும் மற்ற வில்லையைப் போலவே ஒலிக்கும், உடையும், கரையும். ஒரு தக்காளி அப்படியல்ல. ஒன்று கெட்டி, ஒன்று கொழகொழ. உணவின் பதத்தை அஞ்சும் ஒருவனுக்கு ஆலையில் செய்த தீனி ஒருபோதும் ஏமாற்றம் தராத நண்பன்.

இந்த அச்சத்துக்கு மருத்துவத்தில் பெயர் உண்டு: உணவுத் தவிர்ப்பு மற்றும் வரையறுப்புக் கோளாறு. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் 2013இல்தான் இடம்பிடித்தது. மெலிய வேண்டும் என்ற வெறி இதில் இல்லை. உடலமைப்பைப் பற்றிய கவலையும் இல்லை. பதம், மணம், நிறம் ஆகியவற்றின் மீதான தாங்க முடியாத அருவருப்பு, அல்லது தொண்டையில் அடைக்கும் என்ற பயம், அல்லது உணவில் நாட்டமே இல்லாமை. அடம்பிடிக்கும் குழந்தைகள் பெரும்பாலும் வளர வளர மாறிவிடுவார்கள். இவர்கள் வளர வளரப் பட்டியலைச் சுருக்கிக்கொண்டே போவார்கள். பிரிஸ்டல் பையனையும் உணவுக் கோளாறுக்காக மனநலச் சேவைக்கு அனுப்பினார்கள், பார்வை போன பிறகு.

மற்றவர்களுக்கு இதில் என்ன

ஒரே ஒரு நோயாளியை வைத்து உலகத்துக்கு உபதேசம் செய்யக் கூடாது. மாலையில் ஒரு பாக்கெட் சிப்ஸ் தின்று இரவில் ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்குக் கண் போகாது. அவர் பார்க்க வேண்டிய ஆபத்துகள் வேறு, அவை மெதுவானவை.

1,20,877 அமெரிக்கர்களை நீண்ட காலம் தொடர்ந்து கவனித்து 2011இல் வெளியான ஆய்வில், நான்கு ஆண்டு இடைவெளியில் எடை கூடுவதோடு மிகவும் நெருங்கிய தொடர்பு காட்டிய உணவு உருளைக்கிழங்கு சிப்ஸ். தினசரி அளவில் ஒரு பங்கு கூட்டியவர்களுக்கு நான்கு ஆண்டில் முக்கால் கிலோ அளவுக்கு எடை ஏறியிருந்தது. இது தொடர்பு மட்டுமே என்பாருக்கு, அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹால் குழுவினர் 2019இல் வெளியிட்ட சோதனை பதில் சொல்கிறது. 20 பேரை மருத்துவ மையத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் மிகையாகப் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவும் கொடுத்தார்கள். பரிமாறிய கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து இரண்டிலும் ஒன்றுபோல. எவ்வளவு சாப்பிடுவது என்பது அவரவர் விருப்பம். பதப்படுத்திய உணவில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாக உள்ளே போயிற்று. சாப்பிட்ட வேகமும் கூடியிருந்தது. வாயில் சீக்கிரம் கரைவது வயிறு நிறைந்ததைச் சொல்லும் முன்பே கையை அடுத்த வில்லைக்கு அனுப்பிவிடுகிறது என்பது நியாயமான விளக்கம்.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 100 கிராம் சாதா உப்புச் சிப்ஸில் இருப்பது ஒன்றேகால் கிராம் அளவு உப்பு. ரொட்டியிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். சிப்ஸில் அது மேற்பரப்பில் இருப்பதால் நாக்குக்குத் தெரிகிறது, ரொட்டியில் மாவுக்குள் ஒளிந்திருப்பதால் தெரிவதில்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை நாளுக்கு 5 கிராமுக்குள். சிப்ஸை மட்டும் திட்டிவிட்டு மற்றதைக் கணக்கில் எடுக்காமல் விடுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

அக்ரிலமைடு பீதி 2002 ஏப்ரலில் ஸ்வீடனில் தொடங்கியது. 120 டிகிரிக்கு மேல் சூடாகும்போது கிழங்கில் உள்ள அஸ்பரஜின் என்ற அமினோ அமிலம் சர்க்கரையோடு வினைபுரிந்து உண்டாவது இது. விலங்குகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கும். மனிதரிடம் உணவுவழிச் சான்றுகள் ஒரே திசையில் இல்லை. ஆனாலும் ஐரோப்பிய ஒன்றியம் சிப்ஸுக்கு ஒரு கிலோவில் 750 மைக்ரோகிராம் என்ற அளவுகோலை வைத்து 2018 முதல் நடைமுறைப்படுத்தியது. வீட்டில் பொரிப்பவர்கள் கிழங்கைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்காமல் இருப்பதும் (குளிரில் சர்க்கரை கூடும்), பொன்னிறத்தில் எடுத்துவிடுவதும் போதும்.

இந்த நிகழ்விலிருந்து மருத்துவருக்கும் பெற்றோருக்கும் கிடைப்பது வேறு வகையான பாடம். எடை சரியாக இருக்கிறது என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ‘நன்றாகச் சாப்பிடுகிறானா?’ என்று கேட்டால் ஆம் என்ற பதில்தான் வரும். ‘நேற்றுக் காலையிலிருந்து இரவு வரை என்னென்ன வாய்க்குள் போயிற்று?’ என்று கேட்டால் ஐந்தே பெயர்கள் கொண்ட பட்டியல் வெளியே வரும். அப்படி வந்தால் பி12, ஃபோலேட், தாமிரம், வைட்டமின் டி ஆகியவற்றைப் பார்த்துவிட்டு ஊசி போட்டு அனுப்பினால் போதாது. அவன் மறுபடி வந்தானா என்று யாராவது பார்க்க வேண்டும். அசதி, காது மந்தம், எழுத்து மங்குவது, கைகால் மரத்துப்போவது இவற்றில் எது சேர்ந்தாலும் காத்திருக்கக் கூடாது.

சிப்ஸைப் பிடுங்குவது இப்படிப்பட்ட பிள்ளைக்குச் சிகிச்சை ஆகாது. பட்டியலில் இருக்கும் ஐந்தில் ஒன்று குறையும், அவ்வளவுதான். உணவுச் சிகிச்சையாளர்கள் அவன் ஏற்கும் பதத்திலிருந்தே தொடங்குகிறார்கள். வழக்கமான சிப்ஸுக்கு அடுத்தபடி வேறு வடிவச் சிப்ஸ், பிறகு அடுப்பில் சுட்ட மெல்லிய கிழங்கு வில்லை, பிறகு அதே மொறுமொறுப்பில் வேறொரு காய் என்று ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். புதியதைத் தின்ன வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. தொட்டாலும் முகர்ந்தாலும் அன்றைக்கு அது போதும். மாதக்கணக்கில் ஆகும் வேலை. அதுவரை சத்துக்குறைவை ஊசியும் மாத்திரையும் சமாளித்துக்கொண்டிருக்கும், அவற்றை நிறுத்தாமல் கொடுத்தால்.